உயிருள்ள புலிச்சோழியைக் கடலில் கண்டறிவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சோழி என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது வழுவழுப்பான, பளபளக்கும் ஓடு மட்டுமே. கடலடியில் உயிரோடு ஊர்ந்து திரியும் சோழியைத் தேடிச் செல்லும் பலர் ஏமாற்றத்துடன் திரும்புவதற்கு இந்த நினைப்பே காரணமாகிறது. இரை தேடும் நேரத்தில் சோழி தன் ஓட்டைச் சதையால் ஏறத்தாழ முழுவதுமாக மூடிக்கொள்கிறது. அப்போது அது பாசி படிந்த கல்லாகவோ கடற்பஞ்சுத் துண்டாகவோ தோற்றமளிப்பதால், பளபளப்பைத் தேடிப் பழகிய கண் அதை அருகிலேயே வைத்துக்கொண்டு கடந்து போய்விடுகிறது. ஆகவே ஓட்டைத் தேடுவதை விட்டுவிட்டு, ஓட்டுக்குள் வாழும் விலங்கைத் தேடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சோழிக் குடும்பத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குப் புலிச்சோழியையே நான் பரிந்துரைப்பேன். 1758-இல் கார்ல் லின்னேயஸ் சைப்ரியா டைக்ரிஸ் என்று பெயரிட்ட இந்த நத்தை, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஹவாய்த் தீவுகள் வரை, வெப்பமண்டலப் பவளத்திட்டுகள் உள்ள கடற்பகுதிகளில் பரவலாகக் காணப்படுகிறது. வளர்ந்த புலிச்சோழி பெரும்பாலும் 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்; ஹவாய்ப் பகுதியில் அதைவிடக் கணிசமாகப் பெரியவையும் உண்டு. கைக்குள் நிறையும் அளவுள்ள இந்த நத்தையில், உணர்கொம்பு, கண், நீர்க்குழல் ஆகிய உறுப்புகளை உருப்பெருக்கி இல்லாமலே பார்க்க முடியும் என்பது கற்பவருக்குப் பெரிய வசதி.

முதல் படி: ஓட்டின் அமைப்பை வீட்டிலேயே பழகிக்கொள்ளுதல்

கடலுக்குச் செல்லும் முன் ஓட்டின் அமைப்பைப் படங்களிலோ அருங்காட்சியகத்திலோ நிதானமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. புலிச்சோழியின் ஓடு முட்டை வடிவில், முதுகுப்புறம் நன்கு உப்பியும் அடிப்புறம் தட்டையாகவும் இருக்கும். வெண்மை, இளநீலம், பழுப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒரு நிறப் பின்னணியில் கரும்பழுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அவற்றின் விளிம்புகள் கூர்மையாக இல்லாமல் கசிந்தும், சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் காணப்படும். முதுகின் நீளவாக்கில், பெரும்பாலும் சற்றே வளைந்த கோடு ஒன்று ஓடும். அடிப்புறம் வெண்மையானது. அதன் நடுவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குறுகிய பிளவு செல்கிறது; பிளவின் இரு ஓரங்களிலும் பற்களைப் போன்ற வரம்புகள் வரிசையாக அமைந்திருக்கும். அந்தப் பிளவே நத்தையின் வாசல். பல கடல்நத்தைகளுக்கு வாசலை அடைக்கும் வாய்மூடி உண்டு, சோழிக்கு அது கிடையாது. வாசலின் குறுகலும் அதன் பல்வரிசையும் தடித்த ஓடும் சேர்ந்து அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. உருண்டு வழுக்கும் அந்த ஓட்டை நண்டு தன் கொடுக்கால் பற்றி உடைப்பதும் எளிதன்று.

இளஞ்சோழியின் உருவத்தையும் இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அது வளர்ந்த சோழியை ஒத்திருப்பதில்லை. இளம்பருவத்தில் ஓடு மெல்லியதாகவும், வாசல் அகன்றும், ஓரங்களில் பற்கள் இல்லாமலும், ஒரு முனையில் சிறிய சுருள் வெளியே தெரியும்படியும் இருக்கும். புள்ளிகளுக்குப் பதிலாகப் பழுப்புப் பட்டைகளே காணப்படும். முதிர்ச்சி அடையும்போது வாசலின் வெளியோரம் உட்புறமாகச் சுருண்டு, பற்கள் தோன்றி, பழைய சுருள் மேற்படிவுக்குள் மறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஓடு நீளத்தில் வளர்வதில்லை. தடிமன் மட்டுமே கூடுகிறது. எனவே வளர்ந்த இரண்டு சோழிகளில் பெரியதே வயதில் மூத்தது என்று எண்ணிவிடக் கூடாது. நீளம் முதிர்ச்சியின்போதே முடிவாகிவிடுவதால், சிறிய சோழி மூத்ததாக இருப்பதற்கும் வாய்ப்பு உண்டு.

இரண்டாம் படி: சதைப்போர்வையை அடையாளம் காணுதல்

இதுவே இந்த வழிகாட்டியின் மையப்பகுதி. மேன்டில் என்று விலங்கியலில் வழங்கும் மெல்லிய சதைப்போர்வை எல்லா நத்தைகளுக்கும் உண்டு. பெரும்பாலானவற்றில் அது ஓட்டின் உட்புறத்தோடு நின்றுவிடுகிறது. சோழியிலோ அது இரண்டு மடல்களாகப் பிளவின் வழியே வெளியே வந்து, இரு தோள்களிலிருந்தும் சால்வையை இழுத்துச் சேர்ப்பதுபோல், ஓட்டின் இரு பக்கங்களிலும் மேலேறி முதுகில் சந்திக்கிறது. முதுகில் காணப்படும் அந்தக் கோடு, இரண்டு மடல்களின் விளிம்புகளும் சந்திக்கும் இடமே ஆகும்.

ஓட்டின் பளபளப்புக்கும் இந்தப் போர்வையே காரணம். ஓட்டுப்பொருளை அது வெளிப்புறத்திலும் படலம் படலமாகப் படியச் செய்கிறது. கூடவே பாசியும், பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசும் ஒட்டிக்கொள்ள இடம் தராமல் மேற்பரப்பைத் தூய்மையாகவும் வைத்திருக்கிறது. இதிலிருந்து களத்தில் உடனே பயன்படும் ஒரு முடிவு கிடைக்கிறது. கடலுக்குள் ஒரு சோழியின் ஓடு பளிச்சென்று, எந்தப் படிவும் இல்லாமல் காணப்பட்டால், அதனுள் விலங்கு உயிரோடு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இறந்த சோழியின் ஓடு நீருக்கடியில் மெருகை இழந்து, மேலே பாசியும் சுண்ணப்படிவும் ஏறிவிடும். கரையில் ஒதுங்கி வெயிலும் மணலும் பட்டுத் தேய்ந்த ஓடுகளில் மேலடுக்கு உதிர்ந்து, அடியில் உள்ள வேறு நிற அடுக்கு வெளிப்படுவதும் உண்டு. பளபளப்பான ஓட்டைக் கண்டதும் காலி ஓடு என்று நினைத்துப் பைக்குள் போட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் எடுத்துச் செல்வது உயிருள்ள நத்தையைத்தான்.

புலிச்சோழியின் போர்வை மெல்லியது. ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதன்மேல் சாம்பலும் பழுப்புமாக நுண்ணிய கோடுகளும் திட்டுகளும் இருக்கும். அதிலிருந்து சதை நீட்சிகள் பல நிமிர்ந்து நிற்கும். அவற்றுள் பலவற்றின் நுனி வெண்மையாக இருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். விலங்கின் உருவத்தைச் சுற்றுப்புறத்தோடு கலக்கச் செய்து எதிரிகளின் பார்வையிலிருந்து காப்பது இந்த நீட்சிகளின் பயனாகக் கருதப்படுகிறது. மூச்சுவிடுவதற்கு உதவும் பரப்பையும் இவை கூட்டக்கூடும். தேடும்போது உங்கள் கண் பழக வேண்டிய அடையாளம் இதுதான்: சுற்றியுள்ள பாசித் தரையிலிருந்து சற்றே எழும்பி நிற்கும் உருண்டை வடிவம், அதன்மேல் ஒரே சீராக நிற்கும் வெண்ணுனி நீட்சிகள், முதுகின் நடுவே போர்வை முழுமையாக மூடாத இடத்தில் எட்டிப்பார்க்கும் பளபளப்பின் ஒரு கீற்று. பாசிக்கொத்து நீரோட்டத்துக்கு ஏற்ப மொத்தமாகச் சாய்ந்தாடும். சோழியின் நீட்சிகள் அந்த அளவுக்கு அசைவதில்லை. இந்த வேறுபாடு ஒருமுறை பிடிபட்டுவிட்டால் தேடல் பெருமளவு எளிதாகிவிடும்.

மூன்றாம் படி: நேரத்தையும் இடத்தையும் தெரிவு செய்தல்

சோழிகள் பொதுவாக இரவில் நடமாடுபவை. பகலில் பவளப்பாறையின் இடுக்குகளிலும் கல்லின் அடிப்புறத்திலும் ஒடுங்கியிருந்து, இருட்டிய பின் வெளியே வருகின்றன. புலிச்சோழி உருவில் பெரியது என்பதால், பகலிலும் கிளைப்பவளங்களின் நடுவே அதைக் காண முடியும்; ஆனால் அப்போது அது பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். நடத்தையைப் பார்க்க விரும்புபவர் சூரியன் மறைந்த பின்னரே செல்ல வேண்டும்.

ஆழமற்ற திட்டுகளில் நடந்து தேடுவதானால், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல்மட்டம் மிகவும் தாழும் நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். வற்றநேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், முந்தைய நாளின் நேரத்தை அப்படியே நம்பிச் செல்லக் கூடாது. அந்தப் பகுதிக்கான கடல்மட்ட அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆழ்ந்த வற்றம் இரவில் வரும் பருவம் இடத்துக்கு இடம் மாறுபடும். வற்றத்தின் அடிமட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்தை அடைந்து, நீர் மீண்டும் ஏறத் தொடங்கியதும் கரையை நோக்கித் திரும்பிவிடுவது பாதுகாப்பான முறை. முக்குளிப்போருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. புலிச்சோழி சில மீட்டர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் வரை வாழ்கிறது.

மணலும் பவளமும் அடுத்தடுத்து அமைந்த, கடற்பஞ்சும் பாசியும் செழித்த இடங்களே இவற்றுக்கு ஏற்றவை. பேரலை நேராக மோதும் வெளி விளிம்பில் புலிச்சோழியைத் தேடிப் பயனில்லை. அங்கே அடிப்புறம் தட்டையாகி, பாறையோடு ஒட்டிக் கிடக்கும் பாம்புத்தலைச் சோழி போன்ற வேறு இனங்களே தாக்குப்பிடிக்கின்றன.

நான்காம் படி: கருவிகளும் ஒரு கண்டிப்பான எச்சரிக்கையும்

தேவையானவை அதிகமில்லை. தடித்த அடியுள்ள காலணி, நீர் புகாத கைவிளக்கு ஒன்றும் மாற்று விளக்கு ஒன்றும், விளக்கில் பொருத்தும் சிவப்பு வடிகட்டி, நீரில் எழுதக்கூடிய பலகை, உடன்வர ஒரு துணை ஆகியவை போதும். இரவில் தனியாகச் செல்லவே கூடாது.

எச்சரிக்கை கூம்புநத்தையைப் பற்றியது. சோழி வாழும் அதே திட்டுகளில், அதே இரவு நேரத்தில் இரை தேடும் கூம்புநத்தைகளும் இருக்கின்றன. இவை ஈட்டியைப் போன்ற நச்சுப்பல்லை எய்து இரையைச் செயலிழக்கச் செய்பவை. மீன்களை வேட்டையாடும் கோனஸ் ஜியோகிராஃபஸ் என்னும் இனம் தீண்டி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். இந்த நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. பல்லைச் செலுத்தும் துதிக்கை நீண்டு வளையக்கூடியது என்பதால், ஓட்டின் இந்தப் பக்கம் பிடித்தால் ஆபத்தில்லை என்று சிலர் கூறுவதை நம்ப வேண்டாம். கூம்புநத்தையின் ஓடு ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகும். வாசலின் ஓரங்களில் பற்கள் இருக்காது. ஆனால் வாசலைப் பார்க்க ஓட்டைப் புரட்டியாக வேண்டும். புரட்டக் கை நீண்டுவிட்டால் பிறகு அந்த அடையாளம் தெரிந்து பயனில்லை. எனவே எந்த நத்தையையும் கையால் தொடுவதில்லை என்பதையே விதியாக்கிக்கொள்ளுங்கள். தீண்டப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தால்கூட, வலி குறைவாக இருக்கிறது என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கக்கூடியது. கற்களின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும், நச்சு முட்களுள்ள கல்மீனும் இதே இடங்களில் வாழ்வதால், கால் வைக்குமுன் விளக்கொளியில் தரையைப் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

ஐந்தாம் படி: தேடும் முறை

புதியவர்கள் வேகமாக நடந்து அதிகப் பரப்பைப் பார்க்க முயல்வதுண்டு. அது பயன் தருவதில்லை. சிறிய ஒரு பகுதியைத் தெரிவு செய்து, விளக்கைத் தாழ்வாகப் பிடித்து ஒளியைச் சாய்வாக விழச் செய்தால், உருண்டை வடிவங்களின் நிழல் நீண்டு விழும். மேலிருந்து நேராக விழும் ஒளியில் போர்வை மூடிய சோழி தரையோடு கலந்துவிடும். பவளத்தின் மேல் கால் வைக்காமல், மணல் வழியாகவே நடக்க வேண்டும். முக்குளிப்பவர்கள் துடுப்பால் மணலைக் கிளறாமல் மிதந்தபடியே பார்க்க வேண்டும்.

பகலில் கல்லின் அடியைப் பார்க்க நேர்ந்தால், ஒரு பக்கத்தை மட்டும் மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதே நிலையில், அதே பக்கம் கீழாக இருக்கும்படி திரும்ப வைத்துவிட வேண்டும். கல்லின் அடிப்புறத்தில் வாழும் கடற்பஞ்சுகளும் சிற்றுயிர்களும் வெளிச்சத்தில் கிடந்தால் மடிந்துவிடும். புரட்டிப் போட்டுவிட்டுப் போன கற்களின் வரிசையைக் கண்டாலே, அங்கே முன்பு வந்தவரின் தரத்தைச் சொல்லிவிடலாம். பெரிய கற்களையும் உயிருள்ள பவளத்தையும் தொடவே வேண்டாம்.

ஆறாம் படி: கண்ட பிறகு பொறுமையாகக் கவனித்தல்

சோழியைக் கண்டதும் விளக்கை அதன்மேல் நேராகப் பாய்ச்சாமல் சற்று விலக்கிப் பிடியுங்கள். முடிந்தால் சிவப்பு வடிகட்டியைப் பொருத்திக்கொள்ளுங்கள். வலுவான ஒளியோ நீரின் திடீர் அசைவோ பட்டால், இரண்டு மடல்களும் முதுகிலிருந்து கீழிறங்கிப் பிளவுக்குள் மறையத் தொடங்கும். பலர் விரலால் தொட்டு இந்தக் காட்சியை வரவழைக்கிறார்கள். அது தேவையற்ற தொந்தரவு. சற்றுத் தொலைவில் அசையாமல் காத்திருந்தால், ஒடுங்கிய சோழி மீண்டும் வெளியே வருவதைக் காணலாம். தொட்டவருக்குக் கிடைக்கும் காட்சியைவிட இது நிறைவானது, ஏனெனில் உறுப்புகள் ஒவ்வொன்றாக வெளிப்படும் வரிசை அப்போதுதான் தெரியும்.

முதலில் முன்முனையைப் பாருங்கள். ஓட்டின் முன்பக்கப் பள்ளத்தின் வழியே குட்டையான நீர்க்குழல் நீண்டிருக்கும். நத்தை இதன் வழியே நீரை உள்ளிழுத்து மூச்சுவிடுகிறது. நீரில் கரைந்து வரும் மணங்களை உணர்வதற்கும் அந்த நீரோட்டமே உதவுகிறது. ஊர்ந்து செல்லும்போது குழல் இடமும் வலமும் திரும்புவதைக் கவனித்தால், அது எதை நோக்கி நகரப்போகிறது என்பதை ஓரளவு முன்கூட்டியே ஊகிக்க முடியும். குழலுக்குக் கீழே தலையும், அதன் இருபுறமும் நீண்ட உணர்கொம்புகளும், அவற்றின் அடிப்பகுதியில் கரும்புள்ளிகளாகக் கண்களும் இருக்கும்.

அடுத்துப் பாதம். அகன்ற தசைப்பாதத்தின் ஓரம் ஓட்டுக்கு வெளியே பரந்து தெரியும். நகர்வு மிக மெதுவானது. அருகிலுள்ள ஒரு பவளக்கிளையைக் குறியாக வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடைவெளியை ஒப்பிட்டால் மட்டுமே தெளிவாகத் தெரியும். ஒரே இடத்தில் நெடுநேரம் நின்று தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால் அது உண்டுகொண்டிருக்கலாம். ராடுலா என்னும் அரம் போன்ற நாக்கில் வரிசைக்கு ஏழு பற்கள் உள்ளன. அவற்றால் சுரண்டி உண்கிறது. இளம்பருவத்தில் பாசியே முதன்மை உணவு. வளர்ந்தவை கடற்பஞ்சு, மென்பவளம், கடற்சாமந்தி ஆகியவற்றையும் உண்கின்றன. உணவு எது என்பதைக் குறிக்க விரும்பினால், சோழி நகர்ந்து சென்ற பிறகு அது நின்றிருந்த பரப்பைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தெரியும் சுரண்டலை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பவளத்திட்டில் சுரண்டி உண்ணும் உயிர்கள் எத்தனையோ.

ஏழாம் படி: அடைகாக்கும் தாயைக் கண்டால்

சோழிகளில் ஆணும் பெண்ணும் தனித்தனி. வெளித்தோற்றத்தை வைத்துப் பிரித்தறிவது கடினம். ஆனால் ஒரு சோழி கல்லின் அடியிலோ ஒதுக்கமான பள்ளத்திலோ அசையாமல் அமர்ந்து, ஒளி பட்டும் நகராமல், பாதத்தை அகல விரித்து எதையோ மூடிக்கொண்டிருந்தால், அது பெண் என்று கொள்வதற்கு இடமுண்டு. பாதத்தின் ஓரத்தில் சிறு உறைகள் நெருக்கமாக ஒட்டிய கொத்து தெரிந்தால் ஐயம் நீங்கிவிடும். ஒவ்வோர் உறைக்குள்ளும் ஏராளமான முட்டைகள் இருக்கும். கரு வளர வளர உறையின் வெளிர்நிறம் கருமையாகும். குஞ்சுகள் வெலிஜர் என்னும் நீந்தும் இளவுயிரிகளாக வெளியேறி நீரோட்டத்தில் மிதந்து சென்ற பின்னரே தரையில் அமர்ந்து நத்தை வடிவம் பெறுகின்றன. தாய் விலகினால் முட்டைகள் மீன்களுக்கும் நண்டுகளுக்கும் இரையாகிவிடும். ஆகவே அடைகாக்கும் சோழியைக் கண்டால் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு, விளக்கைத் திருப்பி, அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

எட்டாம் படி: ஒத்த உருவங்களைப் பிரித்தறிதலும் பதிவு செய்தலும்

போர்வை மூடிய நிலையில் குழப்பம் தரக்கூடியது முட்டைச்சோழி என்று சொல்லத்தக்க ஓவுலா ஓவம். தூய வெள்ளை ஓட்டின்மேல் கருநிறப் போர்வையை இழுத்துக்கொண்டு, மென்பவளத்தின்மேல் அமர்ந்திருக்கும் இந்த நத்தை உண்மையான சோழிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நெருங்கிய உறவுள்ள வேறொரு குடும்பம். பணச்சோழியும், முதுகில் பொன்வளையம் உடைய மோதிரச்சோழியும் உண்மையான சோழிகளே. ஆனால் அவை பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவே இருப்பதால் வளர்ந்த புலிச்சோழியோடு குழம்ப வாய்ப்பில்லை. அலை மோதும் பாறைகளில் கரும்பழுப்பு நிறத்தில், கூன்முதுகோடு பெரிய சோழி ஒன்று தென்பட்டால், அது முன்பு சைப்ரியா மொரிஷியானா எனப்பட்ட மொரிஷியா மொரிஷியானாவாக இருக்கலாம்.

குறிப்பேட்டில் நேரம், ஆழம், தரையின் தன்மை, போர்வை எந்த அளவு மூடியிருந்தது, அருகில் இருந்த கடற்பஞ்சு அல்லது பவளம், விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது ஆகியவற்றை எழுதுங்கள். அளவுகோலை ஓட்டின்மேல் வைக்காமல் பக்கத்தில் மணலில் வைத்துப் படமெடுத்தால் போதும். போர்வை விரிந்த நிலையில் ஒன்று, ஒடுங்கிய நிலை தற்செயலாகக் கிடைத்தால் மற்றொன்று என இரண்டு படங்கள் இருந்தால் இனத்தை உறுதிசெய்வது எளிது. உயிருள்ள சோழியைச் சேகரிப்பதற்குப் பல கடல் காப்பகங்களில் தடை உள்ளது. தடை இல்லாத இடத்திலும் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஓட்டின் அழகுக்காக மட்டும் இவை நெடுங்காலமாகப் பிடிக்கப்பட்டு, மனித நடமாட்டம் மிகுந்த திட்டுகளில் அரிதாகிவிட்டன.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுப் பதிவுத் தளங்களில் ஏற்றுவது பயனுள்ள செயல். அப்படிச் செய்யும்போது இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மங்கலாக்கும் வசதியைத் தெரிவு செய்துகொள்ளுங்கள். புலிச்சோழியைத் தேடுபவர்கள் எல்லோரும் பார்ப்பதற்காகவே தேடுவதில்லை.